எஃபி கெடஸின் பயணிகள் புத்தகம்

பாலத்திலிருந்து கார்கள் இறங்கி வட்டமடித்துத் திரும்புகிற இடத்தில் இப்போது நின்றால் காற்றும் சிமெண்டும்தான். டண்டீயில் பிறந்த பிள்ளைகளுக்கே தெரியாது, அங்கே மேற்கு ஸ்டேஷன் இருந்தது. ஸ்டேஷனைச் சுற்றி ஏழு பப்புகள் இருந்தன. எஞ்சின் டிரைவர்கள் குடித்த பப்பில் போர்ட்டர்கள் கால் வைக்க மாட்டார்கள். துறைமுகத்து ஆட்களுக்கு ஒன்று, மீன் விற்கிறவர்களுக்கு ஒன்று, மாமியாரைப் பார்க்கவென்று ரயிலேறி வந்து பார்க்காமலே திரும்புகிறவர்களுக்கு என்றே ஒன்று. சாலைப் பாலம் வருகிறது என்று ஸ்டேஷனோடு சேர்த்து எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டார்கள். போனதற்கெல்லாம் உட்கார்ந்து அழுகிற ஆள் நான் இல்லை. அந்த ஏழில் பாதி, பீரில் தண்ணீர் கலந்த கடைகள். ஆனால் ஹென்ட்ரி ஓட்டலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஃபி கெடஸ் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பப்பும் திறக்கக் கூடாது. சட்டம் ஒரே ஒரு சந்து விட்டிருந்தது: ஓட்டல்காரர்கள் பயணிகளுக்கு மட்டும் ஊற்றலாம். பயணி என்றால், முந்தின ராத்திரி மூன்று மைலுக்கு அப்பால் படுத்தவன். வாசலில் ஒரு புத்தகம் இருக்கும். பெயர், எங்கிருந்து, எங்கே, மூன்றையும் எழுதினால் கிளாஸ் கைக்கு வரும். இந்தச் சட்டத்தை எழுதியவர் குடிக்காதவராகத்தான் இருக்க வேண்டும். ஞாயிறு பகலானால் டண்டீக்காரர்கள் பஸ் ஏறி ப்ராட்டி ஃபெர்ரிக்குப் பயணியாகப் போனார்கள். ப்ராட்டி ஃபெர்ரிக்காரர்கள் பஸ் ஏறி டண்டீக்குப் பயணியாக வந்தார்கள். வழியில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே வரும்போது கை வேறு ஆட்டிக்கொள்வார்கள். பஸ்ஸுக்கும் சோம்பல்படுகிறவர்கள் பக்கத்துத் தெருவிலிருந்து நேராக ஹென்ட்ரி ஓட்டலுக்கு நடந்து வந்து, ஆர்ப்ரோத் என்று எழுதிவிட்டு உட்கார்ந்தார்கள்.

எழுதுவதெல்லாம் பொய் என்று முதலாளி ஹென்ட்ரிக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும். ஆனால் பொய்யில் ஒழுங்கு வேண்டும். போலீஸ் வந்து கேட்டால் புத்தகத்துக்குப் பொறுப்பானவர், "ஆமாம், இவர் சொன்னதை நம்பித்தான் ஊற்றினோம்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிற மாதிரியாவது இருக்க வேண்டும். அதற்குத்தான் ஹென்ட்ரி எஃபியைப் பிடித்தார். வார நாளில் அவள் சணல் மில்லில் தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. மில்லில் எல்லாப் பெண்களும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வாசலில் ஒருவன் இன்னொருவனிடம், "ஊரு கூப்பர்னு சொல்லிடு, போன வாரமும் அதான் சொன்னேன்" என்று கிசுகிசுத்தால், உள்ளே மேஜையில் இருக்கிற எஃபிக்கு அது தண்டோரா போட்ட மாதிரிதான்.

"எந்த ஊரு?"

"ஆர்ப்ரோத்தும்மா."

"எதுல வந்தீங்க?"

"பத்து மணி ரயில்ல."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரயிலே கிடையாது. வெளிய போய் பஸ்னு யோசிச்சிட்டு வாங்க."

அவனும் மறுபேச்சில்லாமல் வெளியே போய், யோசித்துவிட்டு, பஸ்ஸில் வருவான்.

எஃபிக்கு நாற்பத்து மூன்று வயது. நெட்டையான உருவம், சாம்பல் நிறக் கண். நூற்புக்காரிகள் சால்வை போர்த்துவார்கள், தறிக்காரி தொப்பி வைப்பாள் என்பது மில் வழக்கம்; எஃபியின் தொப்பி தலையைவிட்டு இறங்கியே யாரும் பார்த்ததில்லை. கசாப்புக்கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பாள். சர்ச்சில் போதகர் பிரசங்கத்தைத் தேதி போட்டுக் குறித்துவைத்து, "இது மூணு வருஷத்துக்கு முன்னாடி மார்ச் மாசம் சொன்னது" என்று வாசலில் வைத்தே கேட்டவள். அந்த மனுஷர் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் பின்கதவு வழியாகப் போனார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுடைய அப்பா கப்பலில் இருக்கிறார் என்று அம்மா பதினோரு வருஷம் சொன்னாள். எஃபியும் தங்கை நெட்டாவும் அவருக்காக ஜெபம் பண்ணிவிட்டுத்தான் படுப்பார்கள், புயலில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று. அவர் ஆர்ப்ரோத்தில் இருந்தார். ரயிலில் முக்கால் மணி நேரம். இன்னொரு பெண், மூன்று பிள்ளைகள், வாசலில் ரோஜாச் செடி. எஃபிக்குப் பதினைந்து வயதில் அது தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு ஆண்பிள்ளை தன் ஊர்ப் பெயரைச் சொன்னால், அது அவன் ஊர் இல்லை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஏப்ரலில் வாட்டி பெட்ரி வந்தான். கட்டையான ஆள், ஐம்பதை நெருங்குகிறவன், ரயில்வே கோட்டு. கை கழுவி, நகம் வெட்டி, ஷூ துடைத்து வந்திருந்தான். எஃபிக்கு அதுவே பிடிக்கவில்லை.

"பேரு?"

"வாட்டி பெட்ரி."

"எங்கேருந்து?"

"லூக்கர்ஸ்."

"எங்க போறீங்க?"

"லூக்கர்ஸ்."

"வந்த ஊருக்கேவா?"

"ஆமாங்க, ஆத்துக்கு அக்கரை. நான் அங்க சிக்னல் கேபின்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை லீவு. வீட்டுல உக்காந்தா சுவரு பேசுது. அதான் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு மூணு மணி ரயில்ல திரும்பிடலாம்னு."

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் எழுதாத பெயர் இல்லை. செத்துப்போன ராஜாக்கள் எல்லாம் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சொந்தப் பெயரைச் சொந்தக் கையால் எழுதி, கூடவே வேலையையும் சொன்ன முதல் ஆள் இவன்தான்.

"பெருசா எதையோ மறைக்கிறான்டி," என்றாள் அன்று சாயங்காலம் நெட்டாவிடம். அக்காவும் தங்கையும் ஹாக்ஹில் தெருவில் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். நெட்டா ஜாம் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். அவள் சொல்கிற வார்த்தையும் ஜாம் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

"எதை மறைக்கிறான்?"

"அது தெரிஞ்சா மறைக்கிறான்னு ஏன் சொல்றேன்?"

"அக்கா, ஒரு ஆள் உண்மையைச் சொல்லிட்டான், அவ்ளோதான். விட்டுத் தொலையேன்."

"யாருடி அங்க உண்மையைச் சொல்றா? அந்த இடத்துல போய் உண்மையைச் சொல்றவன் அதைவிடப் பெரிய பொய்யை வேற எங்கயோ வச்சிருக்கான்."

பனை மரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். இவன் கள்ளுக்கடையிலேயே வந்து உட்கார்ந்து பாலைக் குடித்தால் யார்தான் நம்புவார்கள்?

ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டரைக்கு வந்தான். அதே பெயர், அதே ஊர், அதே சின்ன எழுத்து. கிளாஸை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தான். அவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் முகத்தை அவள் பக்கமாகத் திருப்பி, நிதானமாகப் பேசினான். மீசையைக்கூடக் கத்தரித்தான், உதடு தெரியட்டும் என்று. இதை அவன் சொல்லவில்லை. எஃபி கவனித்தாள், கவனித்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தாள். ஜூன் மாதம் தன் கோழி இட்ட ஆறு முட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். ஆறும் அடியில் போய்ப் படுத்தன. நேற்று இட்டவை.

"முட்டையும் உண்மை சொல்லுது. இப்ப என்ன செய்யப்போற?" என்றாள் நெட்டா.

அக்கரை ஃபைஃப் பக்கத்து டிரைவர்கள் குடிக்க வரும்போது எஃபி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விசாரித்தாள். பெட்ரியா, நல்ல மனுஷன். பெண்டாட்டி செத்து ஆறு வருஷம். குழந்தை கிடையாது. குடி கொஞ்சம்தான். நான்கு பேர் நான்கு தடவை இதையே சொன்னார்கள்.

"நாலு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா சொல்லி வச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

"இல்ல, அவன் பெண்டாட்டி செத்துட்டான்னு அர்த்தம்," என்றாள் நெட்டா.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் ஒன்று சொல்லிவிடவேண்டும்: சனிக்கிழமை ராத்திரி எஃபி தலைமுடிக்குச் சுருள் கட்டிப் படுக்க ஆரம்பித்திருந்தாள். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் செய்யாத வேலை.

அக்டோபர் கடைசியில் அவன் கேட்டான். வடக்கே மலைப்பாதையில் ஒரு சிக்னல் கேபினுக்கு அவனை மாற்றியிருந்தார்கள். டிசம்பர் முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். அதுவரை "நீங்க" என்று பேசியவன் அன்று "நீ" என்றான்.

"எஃபி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. நீ என்கூட வந்துடு. கல்யாணம் பண்ணிட்டுப் போவோம்."

"என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சவரைக்கும் போதும்."

"யாரையாவது விசாரிச்சீங்களா?"

"எதுக்கு விசாரிக்கணும்? எதிர்லதானே உக்காந்திருக்க." அவன் சிரித்தான். "இப்பவே சொல்ல வேண்டாம். நவம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை சொல்லு. நான் வந்து கேட்டுக்கிறேன்."

ஒரு மாதம் அவள் தூங்கவில்லை. வடக்கே போவதென்றால் மில்லை விட வேண்டும், நெட்டாவை விட வேண்டும், தன் சம்பளத்தை விட்டு ஒரு ஆண்பிள்ளையின் சம்பளத்தில் சாப்பிட வேண்டும். டண்டீயில் பெண்கள்தான் மில்லுக்குப் போய்ச் சம்பாதித்தார்கள், ஆண்கள் வீட்டிலிருந்து டீக்குக் கெட்டில் வைத்தார்கள். சொந்தக் காலில் நின்றவளுக்கு அது லேசான காரியமில்லை. எல்லாவற்றையும் நான்கு முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நவம்பர் மூன்றாவது வாரம் நெட்டாவிடம் சொன்னாள்: "சரின்னு சொல்லப்போறேன்." நெட்டா அவளைக் கட்டிக்கொண்டு அடுப்படியிலேயே ஒரு சுற்று ஆடினாள். அவளுக்கும் இந்த விசாரணைகளிலிருந்து விடுதலை வேண்டியிருந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு, ஆற்றின் மேலிருக்கிற ரயில் பாலத்தில் இரும்பு வேலை. சனிக்கிழமை நள்ளிரவிலிருந்து திங்கள் காலை வரை ஃபைஃப் பக்கத்திலிருந்து ஒரு ரயிலும் கிடையாது என்று ஸ்டேஷனில் எழுதி ஒட்டியிருந்தார்கள். போதாததற்கு, காலையிலிருந்து ஆற்றின் மேல் மூடுபனி. எதிர்க்கரைப் படகும் நின்றுவிட்டது. எஃபி சர்ச்சிலிருந்து நேராக ஓட்டலுக்கு வந்து, நெட்டா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைக் காலரோடு புத்தகத்தைத் திறந்து வைத்தாள். இன்று அவன் வர முடியாது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். ஏமாற்றமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கதவைத் திறந்துகொண்டு வாட்டி பெட்ரி உள்ளே வந்தான்.

கோட்டெல்லாம் நனைந்திருந்தது. இரண்டு கை விரல் முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தாலும் சிரித்துக்கொண்டே வந்தான். பேனாவை எடுத்து, வாட்டி பெட்ரி, லூக்கர்ஸ், லூக்கர்ஸ் என்று எழுதினான்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும், ஐயோ கையில் என்ன என்று கேட்டிருப்பாள். எஃபிக்கு வேறு கணக்கு ஓடியது. ரயில் இல்லை. படகு இல்லை. அப்படியானால் சனிக்கிழமை கடைசி ரயிலிலேயே டண்டீக்கு வந்திருக்கிறான். ராத்திரி இந்த ஊரில்தான் படுத்திருக்கிறான். யார் வீட்டில்? இங்கே எனக்கு யாருமே இல்லை என்றானே. எந்தத் தெருவில் எந்த மாடியில் இவனுக்கு ஒருத்தி இருக்கிறாள்? கை ஏன் உரிந்தது? அவளுடைய புருஷனோ அண்ணனோ வந்து அடித்தானா? ஆர்ப்ரோத்து ரோஜாச் செடி அவள் கண் முன்னால் முளைத்து நின்றது.

"எப்படி வந்தீங்க?"

"வந்துட்டேன்ல," என்றான். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். "அப்புறம் சொல்றேன். முதல்ல நீ சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் சார்ஜென்ட் டஃப் ஒரு கான்ஸ்டபிளோடு உள்ளே நுழைந்தார்.

வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் வருவார். அன்றைக்கென்று வந்தார். பொய்யர்கள் எல்லாரும் சர்ச்சில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சார்ஜென்ட் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கார்னூஸ்டி, பஸ், சரி. ஆர்ப்ரோத், பஸ், சரி. மோனிஃபீத், பஸ், சரி. எல்லாம் பச்சைப் பொய். ஒன்றிலும் ஓட்டை இல்லை, எஃபி பார்த்துப் பார்த்து அடைத்த ஓட்டைகள். விரல் கடைசி வரியில் வந்து நின்றது. அந்தப் பக்கத்திலேயே உண்மையான வரி அது ஒன்றுதான்.

"லூக்கர்ஸா? யாருய்யா லூக்கர்ஸ்?"

"நான்தாங்க."

"பாலம் மூடியிருக்கு. படகு ஓடல. பறந்து வந்தியா?"

"வந்தேங்க."

"எப்படின்னு கேக்கறேன்."

வாட்டி நனைந்த தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஹென்ட்ரி ஊற்றிவைத்த பீர் தொடாமல் அப்படியே இருந்தது. சார்ஜென்ட் எஃபியிடம் திரும்பினார்.

"மிஸ் கெடஸ், புத்தகம் உங்க பொறுப்பு. இந்த ஆளு நேத்து ராத்திரி லூக்கர்ஸ்லதான் படுத்தாருன்னு நம்புறீங்களா?"

ஹென்ட்ரி கவுண்டருக்குப் பின்னாலிருந்து தலையை மேலும் கீழும் ஆட்டினார், ஆமாம் என்று சொல் என்று. ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அவள் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ராஜாக்களை நம்பியிருக்கிறாள். எதிர்த் தெருக்காரனை ஆர்ப்ரோத்துக்காரன் என்று நம்பியிருக்கிறாள். வாட்டியும் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. அவள் என்ன சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"இல்ல," என்றாள் எஃபி. "நம்பல."

கான்ஸ்டபிள் அவன் பெயரை எழுதிக்கொண்டான். பயணி என்று பொய் சொல்லிக் குடிக்க வந்த குற்றம். புதன்கிழமை போலீஸ் கோர்ட். தீர்ப்பு எதிராகப் போனால் அபராதம் ஒரு பக்கம், ரயில்வேயில் பதில் சொல்ல வேண்டியது இன்னொரு பக்கம். வடக்கே போகிற வேலை போனது போனதுதான். வாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். போகும்போது மேஜையருகே நின்று, அவளுக்குப் புரியும்படி நிதானமாக உதட்டை அசைத்துச் சொன்னான்:

"மத்தவங்க பொய்யைக் குடுத்தா பீர் குடுக்கிற. நான் நிஜத்தைக் குடுத்தேன், போலீஸ்ல குடுக்கிற."

போலீஸ் போனதும் ஓட்டலே அவள் மேல் பாய்ந்தது. "ஏம்மா, ஒன்பது வருஷமா நான் கார்னூஸ்டின்னு எழுதறேன். கார்னூஸ்டி கிழக்கா மேற்கான்னு எனக்குத் தெரியாது. என்னைப் போய் நம்புன, அவனை நம்பலையா?" என்று கத்தினான் லோக்கீ தெரு பெயிண்டர் ஒருவன். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அந்த ஓட்டலில் அதற்கு மேலேயே பொய் சொல்லியாயிற்று. ஒரே ஒரு உண்மை வந்து கல்யாணத்தைக் கெடுத்தது.

திங்கட்கிழமை மில்லில், இரண்டு தறி தள்ளி நின்ற பெல்லா ஸ்டரக் எதிர்த் தறிக்காரியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மில்லில் குரலுக்கு வேலை இல்லை, உதடுதான். எஃபி நூலை முடிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நேத்து உசிரே போயிடுச்சு," என்றது பெல்லாவின் உதடு. "பாலத்துல இரும்பு வேலை. இவருதான் மேஸ்திரி. காலைல அந்தப் பக்கத்துலேருந்து ஒரு சிக்னல்காரன் வந்து நிக்கறான். என்னைப் பாலத்து மேல நடந்து போக விடுன்னு. ரெண்டு மைலு! பனியில அடுத்த படி தெரியல. பாதி வழியில பலகையும் இல்ல, வெறும் இரும்பு. ஒரு பொம்பளைக்குப் பதில் கேக்கப் போறானாம். விட்டுட்டாரு இந்த மனுஷன். ரயில்வேக்குத் தெரிஞ்சா இவருக்கு வேலை போச்சு, பென்ஷன் போச்சு. எவ அவ, அப்படிப்பட்ட ரதி?"

எஃபியின் தறியில் நூல் அறுந்து, நாடா தாறுமாறாக ஓடி, துணி பாழானது. மேற்பார்வைக்காரன் வந்து திட்டியது அவள் காதிலும் விழவில்லை, கண்ணிலும் விழவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் எஃபி இல்லை. பெல்லா யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாளோ என்று ஒரு நினைப்பு. சாயங்காலம் பெல்லாவின் வீட்டுக்குப் போய், சாப்பாட்டில் கை வைத்திருந்த அவள் புருஷன் ஸ்டரக்கை எழுப்பி நிறுத்தி விசாரித்தாள். எத்தனை மணிக்கு வந்தான்? லாந்தர் வைத்திருந்தானா? பலகை இல்லாத இடத்தில் எப்படிக் கடந்தான்?

"முட்டி போட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போனாரும்மா," என்றார் ஸ்டரக், ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே. "விழுந்தீங்கன்னா நான் ஜெயிலுக்குப் போவேன்யான்னு சொன்னேன். பன்னெண்டரைக்கு அவ காத்துக்கிட்டிருப்பா, நான் போகலன்னா வரமாட்டேன்னு நினைச்சுக்குவான்னு சொன்னாரு. இந்தாங்க, என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க."

வாட்டி ஏன் சார்ஜென்டிடம் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த ராத்திரி முழுக்க நெட்டா அவளுடன் உட்கார்ந்திருந்தாள். கேலி செய்ய அவளுக்கும் மனம் வரவில்லை.

புதன்கிழமை கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் எஃபி பைபிள் மேல் சத்தியம் செய்தாள். வாட்டி எதிரே நின்றான். பாலத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லூக்கர்ஸிலிருந்து வந்தேன், அவ்வளவுதான் என்றான். மாஜிஸ்ட்ரேட் குண்டான மனுஷர், எஃபியிடம் சத்தமாகக் கேட்டார்:

"நம்பலைன்னு சார்ஜென்ட்கிட்ட சொன்னீங்களாமே?"

"சொன்னேங்க. அது பொய். நான் நம்பினேன். அன்னைக்கும் நம்பினேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கோவத்துல சொல்லிட்டேன்."

"என்ன கோவம்?"

எஃபி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லியிருந்தாரு. பதில் கேக்கப் பன்னெண்டரைக்கு வரேன்னாரு. அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாரு."

கோர்ட்டே சிரித்தது. மில்லிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மாஜிஸ்ட்ரேட் வயிறு குலுங்கியது. தனக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்றார். ஹென்ட்ரி மட்டும் சிரிக்கவில்லை. போலீஸிடம் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றுகிறவளைப் புத்தகத்தில் எப்படி வைத்துக்கொள்வார்? அங்கேயே அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது. எங்கள் ஊர்க் கோர்ட்டில் குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் உண்டு. மாஜிஸ்ட்ரேட் அதைத்தான் கொடுத்தார்: நிரூபணமாகவில்லை. தப்பு செய்தாய் என்றும் இல்லை, செய்யவில்லை என்றும் இல்லை, வீட்டுக்குப் போ.

வெளியே படிக்கட்டில் அவன் காத்திருந்தான். கை முட்டியில் பொருக்குத் தட்டியிருந்தது.

"நல்லாப் பொய் சொல்ற எஃபி. அன்னைக்கும் நம்பினேன்னு நீ சொன்னப்ப ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்."

"இப்ப நம்புறேன். எனக்கு எல்லாம் தெரியும். பாலம், பனி, எல்லாம்."

"யாரு சொன்னா?"

"ஸ்டரக் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்."

"கேட்டியா." அவன் மெல்ல அந்த வார்த்தையைச் சொன்னான். "எல்லாம் ஒத்துப் போச்சா?"

"போச்சு."

அவன் தெருவைப் பார்த்தான். கீழே ஸ்டேஷன் புகை தெரிந்தது. கோபம் எல்லாம் வடிந்த முகமாக இருந்தது. திரும்பி, உதடு தெரிகிற மாதிரி அவள் எதிரே வந்து நின்றான்.

"நாளைக்குக் காலைல கிளம்பறேன். கேபினுக்குப் பக்கத்துலயே வீடு. நல்ல வீடுதான், பார்த்துட்டு வந்தேன். ரெண்டு ரூம் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். இரண்டாவது தடவை கேட்கிற ஆள் இல்லை அவன். இதுதான் அவனால் முடிந்த இரண்டாவது தடவை. சின்னக் குழந்தைக்கும் புரியும். எஃபிக்கும் புரிந்தது. வரேன் என்கிற சொல் அவள் நாக்கு நுனியில் நின்றது. அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் ஓட்டல் வேலையை விட்டாள், சத்தியத்தை விட்டாள், ஊர் சிரிக்க நின்றாள். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அந்த நாக்கில் முதலில் வந்து நின்றது வேறு ஒன்று. அது முந்திக்கொண்டது.

"தனி ஆளுக்கு எதுக்கு ரெண்டு ரூமு?"

கேட்டு முடித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை வாய்க்குக் கொண்டுபோனாள். வாட்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ரயில்வே குடுக்கறது, எஃபி," என்றான். தொப்பியை மரியாதையாகத் தொட்டுவிட்டுப் படியிறங்கி ஸ்டேஷன் பக்கமாக நடந்தான்.

ஹாக்ஹில்லில் மூன்று மாடியும் ஏறி அவள் உள்ளே வந்தபோது நெட்டா கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கேட்டானா? மறுபடியும் கேட்டானாக்கா? நீ என்ன பதில் சொன்ன?"

"பதில் எங்கடி சொன்னேன்," என்றாள் எஃபி. "கேள்வி கேட்டுட்டு வந்திருக்கேன்." தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.